பழைய செட்டு விட்டுப்போகாமல் இருக்க: சேலத்தில் கல்லூரி படித்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்தில் கல்லூரி முடித்து 40, 45 வருடம் ஆனவர்களிடம் பேசினால், வாட்ஸ்அப் குரூப் இல்லாத செட்டையே இப்போது பார்க்க முடியாது. "79 செட்", "82 கெமிஸ்ட்ரி", "ஹாஸ்டல் நண்பர்கள்" என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். ஆரம்பித்த முதல் பத்து நாள் ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் போன் சத்தம் ஓயாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அதே ஐந்து பேர் காலை வணக்கப் படம் போட்டுக்கொண்டிருப்பார்கள், மற்ற முப்பது பேர் மியூட் செய்துவிட்டிருப்பார்கள். அந்த முப்பதில் ஒருவர் காலமான செய்தி, பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகு வந்து சேரும்.

யாருக்கும் பாசம் குறைந்து இப்படி ஆவதில்லை. குரூப் இருப்பதையே தொடர்பு இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம், அங்கேதான் பிசகுகிறது. குரூப் ஒரு நோட்டீஸ் போர்டு, அவ்வளவுதான். அறுபத்தைந்து வயதுக்கு மேல் தொடர்பு என்றால் ஒருவர் இன்னொருவருக்குப் போன் போட்டு "என்னடா பண்றே, சாப்பிட்டியா" என்று கேட்பது. குரூப்பில் சத்தமே போடாமல் இருக்கிறவருக்குத்தான் அந்தப் போன் முதலில் போக வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியில் எல்லோர் விவரத்தையும் எழுதிவைக்கும் நோட்டு முதலில் வருகிறது, அடுத்தது போன் முறை, அதற்குப் பிறகுதான் குரூப்பும் சந்திப்பும்.

எத்தனை பேரோடு தொடங்குவது

ஒரே துறை, ஒரே வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 35-லிருந்து 60 பேர் வரை தாங்கும். கல்லூரி முழுக்கச் சேர்த்து முந்நூறு பேரோடு ஆரம்பித்தால் முகம் தெரியாதவர்கள் பாதிப் பேர் இருப்பார்கள், பேச்சு அரசியலுக்குப் போய்விடும், தெரிந்தவர்களும் ஒதுங்கிவிடுவார்கள்.

பொறுப்பாளர்கள் நான்கு பேர் போதும். சேலத்திலேயே குடியிருக்கும் ஒருவர் கட்டாயம் வேண்டும். சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவர் ஒருவர். போன், கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவர் ஒருவர். பெண்களும் படித்த வகுப்பு என்றால் நான்காமவர் பெண்ணாக இருக்க வேண்டும். நாற்பது வருடம் கழித்து ஒரு ஆண் குரல் திடீரென்று வீட்டுக்குப் போன் செய்து "உங்களோடு படித்தேன்" என்று சொன்னால் பல வீடுகளில் அது சங்கடமாகிவிடும். பெண் பேசினால் அரை நிமிடத்தில் பேச்சு வீடு, பிள்ளைகள், பேரன் பேத்தி என்று ஓடிவிடும்.

நோட்டு

இருநூறு பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்குங்கள். கம்ப்யூட்டரில் எக்செல் தாளும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் நோட்டு இருந்தே ஆக வேண்டும். போன் தொலைந்தால், பாஸ்வேர்டு தெரிந்தவர் படுத்துவிட்டால், மொத்தப் பட்டியலும் போய்விடும்.

ஆளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். இடது பக்கத்தில் மாறாத விவரம்: அப்போதைய இனிஷியலுடன் பெயர், இப்போது எழுதும் பெயர், வகுப்பில் கூப்பிட்ட பட்டப்பெயர், சொந்த ஊர், விடுதியா வீடா, பி.யு.சி. (பட்டப்படிப்புக்கு முந்தைய வகுப்பு) எங்கே படித்தார். வலது பக்கத்தை பென்சிலில் எழுதுங்கள்: கைபேசி எண், வீட்டு முகவரி பின்கோடுடன், துணைவர் பெயரும் எண்ணும், மகன் அல்லது மகள் ஒருவரின் பெயரும் எண்ணும், கடைசியாகப் பேசிய தேதி. இதில் துணைவர் எண்ணும் பிள்ளை எண்ணும்தான் மிக முக்கியம். எழுபது வயதுக்காரர் மருத்துவமனையில் சேர்ந்தால் முதலில் அணைந்து கிடப்பது அவருடைய போன்தான். அப்போது இந்த இரண்டு எண்ணும் இல்லையென்றால் செய்தி வர வழியே இல்லை.

பிறந்தநாள் எழுதும்போது ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள்: "சர்டிபிகேட்ல இருக்கறதா, நிஜமானதா?" அந்தத் தலைமுறையில் பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் குறித்த தேதியே பலருக்கு நிலைத்துவிட்டது. மே, ஜூன் மாதத்தில் மட்டும் ஒரு வகுப்பில் பதினைந்து பேருக்குப் பிறந்தநாள் வருவதற்கு அதுவே காரணம். வீட்டில் கொண்டாடுவது ஐப்பசி மாத நட்சத்திரத்துக்கு என்றால், வாழ்த்துப் போன் அன்றைக்குப் போகட்டும். வருடத்தைக் குரூப்பில் போட வேண்டாம். முழுப் பிறந்த தேதியும் போன் எண்ணும் ஒரே இடத்தில் கிடைப்பது மோசடி செய்பவர்களுக்கு வசதி.

காணாமல் போனவர்களைத் தேடுவது

முதல் ஆதாரம் குரூப் போட்டோ. யார் வீட்டில் நல்ல பிரதி இருக்கிறதோ அதை ஸ்கேன் செய்யுங்கள். 300 டிபிஐ குறைந்தபட்சம், தலைகள் சின்னதாக இருந்தால் 600. கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட போட்டோவைப் பிய்க்காதீர்கள், மேல்பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். சட்டத்தோடு ஜன்னல் ஓரம் வைத்து, வெயில் நேராக விழாத வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், போனைப் போட்டோவுக்கு இணையாகப் பிடித்து எடுங்கள். அனுப்பும்போது "டாக்குமென்ட்" ஆக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், மூன்றாம் வரிசை முகங்கள் கலங்கிவிடும். பிறகு ஒவ்வொரு தலைக்கும் ஒரு எண் போட்டு, "12 யாரு? 27 யாரு?" என்று கேளுங்கள். எண் போட்டுக் கேட்டால் பதில் வந்துவிடும். "யாருக்காவது எல்லாரையும் தெரியுமா" என்று பொதுவாகக் கேட்டால் வராது.

அடுத்தது ஆட்டோகிராப் நோட்டு. அதில் முகவரி இருக்கும், ஆனால் மாவட்டம் மாறியிருக்கும். "ராசிபுரம், சேலம் ஜில்லா" என்று எழுதியிருந்தால் அது 1997 முதல் நாமக்கல் மாவட்டம். தருமபுரி 1965-லேயே சேலத்திலிருந்து பிரிந்தது, அதிலிருந்து கிருஷ்ணகிரி 2004-ல் பிரிந்தது. வாக்காளர் பட்டியல் போன்றவற்றில் தேடும்போது பழைய மாவட்டத்திலேயே தேடிவிட்டு ஆளே இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். பழைய தொலைபேசி எண்ணையும் உடனே தள்ளிவிடாதீர்கள். ஆறு இலக்கச் சேலம் எண் என்றால் முன்னால் 2 சேர்த்து, 0427 போட்டு அடித்துப் பாருங்கள். அபூர்வமாக அதே வீட்டில் மருமகள் எடுப்பார்.

கல்லூரி அலுவலகத்தில் அட்மிஷன் ரெஜிஸ்டர் இருக்கும். முதல்வருக்குக் கடிதம் எழுதி, நேரில் போய், துறையும் வருடமும் சொல்லிக் கேளுங்கள். முகவரி தரமாட்டார்கள், தரவும் கூடாது. பெயர்ப் பட்டியல் கிடைத்தாலே பெரிய உதவி. பெரியார் பல்கலைக்கழகத்தில் போய் 1980 விவரம் கேட்பது வீண் அலைச்சல். அது 1997-ல் வந்தது, அதற்கு முன் சேலத்துக் கலைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன.

இனிஷியல்தான் அதிகம் குழப்பும். அப்போது "பி. செல்வராஜ்" ஆக இருந்தவர் இப்போது தகப்பனார் பெயரை விரித்து எழுதுவார், எண் கணிதம் பார்த்து ஆங்கில எழுத்தைக் கூட்டியிருப்பார். பெண்களுக்குக் கல்யாணத்தோடு இனிஷியலே மாறியிருக்கும். அவர்களைப் பெயர் வைத்துத் தேடுவதைவிடப் பிறந்த வீட்டு வழியாகத் தேடுவது பலன் தரும்: அண்ணன், தம்பி, பக்கத்து வீடு. எண் கிடைத்தாலும் நேரே அடிக்காமல், உங்கள் எண்ணைக் கொடுத்து "விருப்பமிருந்தால் பேசச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். பேசவில்லை என்றால் அதோடு விடுங்கள்.

1978-ல் பிளஸ் டூ வரும் வரை பி.யு.சி. இருந்தது. அதை ஒரு கல்லூரியிலும் பட்டப்படிப்பை வேறொன்றிலும் படித்தவர்கள் ஏராளம். பட்ட வகுப்புத் தோழர்கள் ஒருவருக்கும் தெரியாத ஆளை பி.யு.சி. தோழன் சட்டென்று சொல்லிவிடுவான். ஊர்த் திருவிழாவையும் விடாதீர்கள். வெளியூரில் செட்டில் ஆனவர்கூடச் சொந்த ஊர் மாரியம்மன் பண்டிகைக்கு வருவார். ஓமலூர், தாரமங்கலம், இளம்பிள்ளை, ஆத்தூர் பக்கத்து ஆள் என்றால் பண்டிகை தேதி தெரிந்துகொண்டு, ஊர்க் கடை ஒன்றில் உங்கள் எண்ணை விட்டு வந்தால் போதும்.

முதல் போன்

முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வரும் போனைக் கண்டாலே வயதானவர்களுக்கு இப்போது பயம். அது நியாயமான பயம். அதனால் முதலில் ஒரு குறுஞ்செய்தி: பெயர், கல்லூரி, வருடம், "நாளை காலை 11 மணிக்குக் கூப்பிடுகிறேன்". பிறகு சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுங்கள். முதல் முப்பது வினாடியில் இந்த மாதிரி வர வேண்டும்:

"வணக்கங்க. சேலத்திலிருந்து பேசறேன். 76-லிருந்து 79 வரைக்கும் கெமிஸ்ட்ரியில ஒண்ணாப் படிச்சோம். லேப்ல உங்களுக்கு அடுத்த டேபிள். பணம், சீட்டு, இன்சூரன்ஸ் எதுக்கும் கூப்பிடலீங்க. நம்ம செட்டு ஆளுகளைத் தேடிக்கிட்டிருக்கோம், அதுக்குத்தான்."

பணம் இல்லை என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். எதிர்முனையில் இறுக்கம் தளர்வது குரலிலேயே தெரியும். "ங்க" போட்டே தொடங்குங்கள், அவரே "டேய், நீயாடா!" என்று சொன்ன பிறகு நீங்களும் டா போடலாம். சிலர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரியாக இருப்பார், சிலர் மனசு நொந்து இருப்பார், டா பிடிக்காது. அவர் விட்ட இடத்தில் நில்லுங்கள்.

முதல் போனில் கேட்கக் கூடாதவை மூன்று: பிள்ளைகள் என்ன சம்பளம், கல்யாணம் ஆயிற்றா, சொந்த வீடா. கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "எந்த நேரத்துல கூப்பிட்டா சௌகரியம்?" அந்தப் பதிலை நோட்டில் எழுதுங்கள்.

ஆளுக்கு ஆறு பேர்

இதுதான் மொத்த அமைப்புக்கும் முதுகெலும்பு. 42 பேர் கொண்ட செட் என்றால் ஏழு பேர் அழைப்பாளர்கள், தங்களையும் சேர்த்து ஆளுக்கு ஆறு பேர். மாதத்துக்கு ஒருமுறை தன் ஆறு பேரில் மற்ற ஐவருக்கும் போன் செய்வது மட்டும்தான் அழைப்பாளர் வேலை. வாரத்துக்கு ஒன்று இரண்டு போன், பத்து நிமிடம். வருடம் ஒருமுறை, தை மாதத்தில், ஆறு பேரையும் மாற்றி அடுக்குங்கள். மாற்றாவிட்டால் ஆறு பேர் தனிக் கூட்டம் ஆகிவிடுவார்கள்.

அழைப்பாளராகத் தேர்ந்தெடுக்க வேண்டியது நன்றாகப் பேசுகிறவரை அல்ல, நன்றாகக் கேட்கிறவரை. தன் சர்க்கரை அளவிலிருந்து ஆரம்பித்து நாற்பது நிமிடம் பேசுகிறவர் கூப்பிட்டால் இரண்டாம் மாதம் எவரும் எடுக்கமாட்டார்கள்.

நேரம்: காலை 10.30 முதல் 12 வரை, மாலை 4.30 முதல் 6 வரை. மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை தூக்கம். டயாலிசிஸ் செய்துகொள்பவர் என்றால் வாரத்தில் எந்த நாள் என்று குறித்துவைத்து அந்த நாளைத் தவிர்க்கவும். இரண்டு முறை எடுக்கவில்லை என்றால் மூன்றாவது நாள் துணைவருக்கு, அதுவும் இல்லையென்றால் பிள்ளைக்கு. மூன்றாவது நாள் என்பதைக் கறாராக வைத்துக்கொள்ளுங்கள், "பிஸியா இருப்பான்" என்று இரண்டு மாதம் விட்டுத்தான் பலரை இழந்திருக்கிறார்கள்.

காது கேட்பது குறைந்தவர்களோடு பேசும்போது கத்தாதீர்கள். வயதாகும்போது முதலில் போவது கூர்மையான, உயர்ந்த ஓசைகள். க, ச, ப போன்ற வல்லினங்கள் மங்கிப்போய், சத்தம் கேட்கும், சொல் புரியாது. குரலைச் சற்றுத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்திப் பேசினால் புரியும். வீடியோ அழைப்பு இன்னும் நல்லது, உதடு தெரியும். அப்போது உங்கள் முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி உட்காருங்கள், ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைக்காதீர்கள்.

குரூப்பை நடத்துவது

இரண்டு குரூப் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று செய்திக்கு மட்டும், அட்மின் மட்டுமே எழுதும்படி செட்டிங்கில் மாற்றிவிடுங்கள். இன்னொன்று அரட்டைக்கு. அரட்டையை மியூட் செய்தவர்களும் செய்தி குரூப்பைப் பார்ப்பார்கள், மாதத்துக்கு நான்கைந்து செய்திதானே. அட்மின் மூன்று பேர் இருக்கட்டும்.

அரட்டை குரூப்பில் அரசியல், சாதி, மதம், மருத்துவ பார்வேர்டு கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மருத்துவ பார்வேர்டு தீங்கில்லாதது போலத் தெரியும். அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிற வயது இது. விதியை மீறினால் அட்மின் தனியாகப் போன் செய்து சொல்ல வேண்டும், எல்லார் முன்னாலும் எழுதிக் கண்டித்தால் அவர் வெளியேறிவிடுவார். அப்படி வெளியேறியவர் பெயர் ஒன்றும் நோட்டிலிருந்து போகக் கூடாது, போன் தொடர வேண்டும். ஸ்மார்ட்போன் இல்லாதவரையும் "குரூப்பில் இல்லை" என்று விட்டுவிடாதீர்கள், செய்தி குரூப்பில் போட்டதை அவருடைய அழைப்பாளர் அன்றே போனில் வாசித்துக் காட்ட வேண்டும்.

மோசடி பற்றி ஒரு முறை எல்லோருக்கும் நிதானமாகச் சொல்லிக்கொடுங்கள். "தவறுதலா உங்களுக்கு ஆறு இலக்க நம்பர் வந்திருக்கும், அனுப்புங்க" என்று தெரிந்தவர் பெயரில் செய்தி வரும். அனுப்பினால் உங்கள் வாட்ஸ்அப்பே கைமாறும். அடுத்த அரை மணி நேரத்தில் உங்கள் பெயரில் செட்டு முழுக்க "அவசரம், 20,000 அனுப்பு, சாயங்காலம் தரேன்" என்று போகும். தடுக்க இரண்டு வழி: எல்லோர் வாட்ஸ்அப்பிலும் இரட்டைச் சரிபார்ப்பு ரகசிய எண் (PIN) போட்டுவிடுங்கள். பணம் கேட்டு எழுத்தில் வந்தால், பழைய எண்ணில் கூப்பிட்டு, குரல் கேட்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், முதல் சில மணி நேரத்தில் சொன்னால் தொகையை முடக்க வாய்ப்பு உண்டு.

வெளிநாட்டில் இருப்பவர்களோடு மாதம் ஒரு வீடியோ சந்திப்பு வைத்தால் சனிக்கிழமை இரவு 7.30 நமக்குச் சரி. கோடைக்காலத்தில் அப்போது நியூயார்க்கில் காலை 10, லண்டனில் பிற்பகல் 3, துபாயில் மாலை 6, சிங்கப்பூரில் இரவு 10. குளிர்காலத்தில் அது நியூயார்க்கில் காலை 9, லண்டனில் பிற்பகல் 2 ஆகிவிடும். கூகுள் மீட் இலவசக் கணக்கில் ஒரு மணி நேரம் வரும், ஜூம் இலவசத்தில் 40 நிமிடம். இந்த வயதில் 40 நிமிடமே போதும்.

பணம்

செட்டுக்குள் சீட்டு, கடன், முதலீடு, நிலம் விற்பது எதுவும் வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நாற்பது வருட நட்பு ஒரு லட்சம் ரூபாயில் முறிந்துபோகும், முறிந்தால் இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்து மொத்தச் செட்டும் உடையும். ஒருவருக்குச் சிகிச்சைக்கு உதவி தேவை என்றால், கொடுக்க விரும்புகிறவர் அந்தக் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்பட்டும். யார் எவ்வளவு என்று குரூப்பில் போட வேண்டாம். வாங்குகிறவரின் மானம் இதில் இருக்கிறது.

சந்திப்புச் செலவுக்கு வசூலித்த பணத்தின் கணக்கை, பில் படங்களோடு, ஏழு நாளுக்குள் போட்டுவிடுங்கள். மிச்சத்தைத் திருப்பிக் கொடுங்கள். நிரந்தர நிதி வைக்க ஆசைப்பட்டால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்யலாம், ஆனால் வருடா வருடம் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த வேலைக்கு ஆள் இல்லாமல் பதிவு செய்யாதீர்கள்.

வருடாந்தரச் சந்திப்பு: சேலமா, ஏற்காடா

சேலத்தில் வைப்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. கோவை, பெங்களூரு, திருச்சி, சென்னை எல்லாவற்றிலிருந்தும் நேர் ரயிலோ நேர் பஸ்ஸோ உண்டு, சென்னையிலிருந்து பகல் ரயிலில் சுமார் ஐந்து மணி நேரம். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். அதனால் தேதியை 75 நாள் முன்பே அறிவித்துவிடுங்கள். ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயதுக்கு மேல் கீழ் பெர்த்துக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது, டிக்கெட் எடுக்கும்போது அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

எழுபதைத் தாண்டிய செட் என்றால் சேலத்திலேயே ஒருநாள் கூட்டம் சிறந்தது. லிப்ட் உள்ள இடம், ஒரு மேஜைக்கு ஆறு பேருக்கு மேல் வேண்டாம், பாட்டுக் கச்சேரி வேண்டாம், மதியச் சாப்பாடு 12.45-க்கு இலையில் விழ வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போட்டவர்கள் பேச்சு முடியட்டும் என்று காத்திருந்தால் மயக்கம் வரும். சாயங்காலம் தட்டுவடை செட் வைக்காமல் சேலத்தில் ஒரு சந்திப்பு முடியாது. பல்செட் போட்டவர்களுக்கு மொறுமொறு தட்டுவடை கடிக்க வராது. அதற்காக அவர்களை ஒதுக்காமல், இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் துருவிய பீட்ரூட், கேரட்டும் வைத்துக் கால் மணி நேரம் முன்பே அடுக்கிவிடச் சொல்லுங்கள். ஈரம் இறங்கி மெத்தென்று ஆகிவிடும், ருசியும் குறையாது.

ஏற்காட்டில் ஒரு ராத்திரி தங்குவது என்றால் திட்டம் வேறு மாதிரி வேண்டும். ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலத்திலிருந்து 30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. மே மாதம் வேண்டாம், கோடை விழா நெரிசலில் வண்டி மலைப்பாதையிலேயே நிற்கும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மழையில் மண் சரியும், பாதையை மூடுவார்கள். தை கடைசி, மாசி இரண்டும் நல்ல மாதம். ஓய்வுபெற்றவர்களுக்குச் சனி, ஞாயிறு எதற்கு? செவ்வாய் ஏறி, புதன் இறங்குங்கள்.

வண்டி: பன்னிரண்டு இருக்கை வேனில் ஒன்பது பேருக்கு மேல் ஏற்ற வேண்டாம். முழங்கால் மடக்க முடியாதவர்களுக்கு இடம் வேண்டும், படி ஏறச் சின்ன முக்காலி ஒன்று வேண்டும். வளைவில் தலைசுற்றல் வருகிறவர்களை முன்வரிசையில் உட்கார வைத்து, தூரத்துப் பாதையைப் பார்க்கச் சொல்லுங்கள். போனைப் பார்த்தாலும் பின்னால் திரும்பிப் பேசினாலும்தான் குமட்டும். வெறும் வயிறும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி. காலை 8 மணிக்குக் கிளம்பி, மறுநாள் மதியம் 3 மணிக்குள் இறங்கத் தொடங்கிவிடுங்கள், மாலையில் பனிமூட்டம் இறங்கினால் எதிர் வண்டி தெரியாது. பிரதான பாதை அடைபட்டால் குப்பனூர் வழி இருக்கிறது, ஓட்டுநருக்கு அது பழக்கமா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் போவதற்கு முன் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். ஏற்காட்டில் அரசு மருத்துவமனை உண்டு, பெரிய சிகிச்சைக்குக் கீழே சேலத்துக்குத்தான் வர வேண்டும், ஒரு மணி நேரம் ஆகும். அதனால் ஒரு வண்டி ராத்திரி முழுக்க ஓட்டுநரோடு அங்கேயே நிற்க வேண்டும். இந்தச் செலவைக் குறைக்காதீர்கள்.

தங்குமிடத்தில் போனில் கேட்டால் "எல்லாம் இருக்குங்க" என்பார்கள். சேலத்துப் பொறுப்பாளர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். பார்க்க வேண்டியவை:

- தரைத்தள அறைகள் எத்தனை, வாசலில் எத்தனை படி. மலைச்சரிவில் கட்டியதால் "தரைத்தளம்" என்பதற்கே இருபது படி இறங்க வேண்டியிருக்கும்.
- வெஸ்டர்ன் டாய்லெட் எல்லா அறையிலும் உண்டா, பக்கத்தில் பிடித்து எழக் கம்பி உண்டா, குளியலறைத் தரை வழுக்குமா.
- அதிகாலை ஐந்து மணிக்கு வெந்நீர் வருமா. ஐந்து மணிக்கு எழுகிறவர்கள்தான் பாதிப் பேர்.
- அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு மூடிய வழியா, ராத்திரி விளக்கு எரியுமா.
- கம்பளி ஆளுக்கு இரண்டு. கீழே வெயிலில் கிளம்பியவர்கள் ஸ்வெட்டர் கொண்டுவர மறப்பார்கள்.

இரண்டு பேருக்கு ஓர் அறை, தனி அறை வேண்டாம். ராத்திரி எழும்போது இன்னொருவர் இருக்க வேண்டும். குறட்டை விடுகிறவர்களை ஒன்றாகப் போட்டுவிடுங்கள்.

பார்க்கும் இடங்கள் இரண்டு போதும்: ஏரிக்கரையும், வண்டி பக்கத்தில் போய் நிற்கும் பகோடா பாயிண்ட்டும். கிளியூர் அருவிக்கு நிறையப் படி இறங்கி ஏற வேண்டும், வேண்டாம். சேர்வராயன் கோயிலுக்குப் போகலாம், ஆனால் சந்நிதி குகைக்குள், கூரை தாழ்வு, குனிய முடியாதவர்கள் வெளியிலேயே கும்பிட்டுக்கொள்ளட்டும். மற்ற நேரமெல்லாம் சும்மா விடுங்கள். காபிச் செடியும் மிளகுக் கொடியும் தெரிகிற தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு இருபது பேர் உட்கார்ந்து பேசுவதற்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். நிகழ்ச்சி நிரல் நிறைய வைத்தால் அந்தப் பேச்சு நடக்காது. பழைய குரூப் போட்டோவில் அவரவர் நின்ற இடத்திலேயே நிற்கவைத்து ஒரு படம் எடுங்கள், போய்விட்டவர்கள் இடத்தை வெறுமையாக விடுங்கள். பெயர் வரிசையை அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

நினைவு தப்பியவர்களைப் பார்க்கப் போகும்போது

"என்னைத் தெரியுதா? யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்று கேட்கவே கேட்காதீர்கள். அவருக்கு அது பரீட்சை, தோற்கிற பரீட்சை. அவர் கண்ணுக்கு நேரே, வெளிச்சத்தில் உட்கார்ந்து, நீங்களே சொல்லுங்கள்: "நான் ஓமலூர் மணி. ஹாஸ்டல்ல உன் ரூமுக்கு எதிர் ரூம். காலைல பம்ப் அடிக்க நாம ரெண்டு பேரும்தான் போவோம்." ஒரே கேள்வியை ஐந்து முறை கேட்டால் ஐந்து முறையும் அதே பதிலை அதே குரலில் சொல்லுங்கள். தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள். நேற்று நடந்தது போயிருக்கும், விடுதிப் பெயர்களும் பழைய பாட்டும் இருக்கும். குரூப் போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்தால் விரல் தானாக ஒரு முகத்தில் போய் நிற்கும். காலை நேரம் போங்கள், சாயங்காலத்தில் இவர்களுக்குத் தடுமாற்றம் கூடும். இரண்டு பேர் போதும், இருபது நிமிடம் போதும். கிளம்பும்போது, கவனித்துக்கொள்கிற மனைவியிடமோ மகளிடமோ தனியாக ஐந்து நிமிடம் பேசுங்கள். அவர்களை "நீங்க எப்படி இருக்கீங்க" என்று கேட்க வருகிறவர்கள் குறைவு.

துக்கச் செய்தி

குடும்பத்தில் ஒருவரிடம் போனில் உறுதி செய்யாமல் எதையும் போடாதீர்கள். உயிரோடிருப்பவருக்கு இரங்கல் போனது நடந்திருக்கிறது. உறுதியானதும் ஒரே ஒரு பொறுப்பாளர், செய்தி குரூப்பில், ஒரே பதிவாக: பெயரும் பட்டப்பெயரும், காலமான நாள், நேரம், உடல் வைத்திருக்கும் முகவரி, எடுக்கும் நேரம், வழி கேட்க ஓர் எண். அரட்டை குரூப்பையும் அன்று ஒருநாள் அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அறுபது "ஆழ்ந்த இரங்கல்"களுக்கு அடியில் எடுக்கும் நேரம் புதைந்துபோய், பஸ் பிடித்து வருகிறவர்கள் தவறவிடுவார்கள். இரங்கலை மறுநாள் எழுதலாம். குரூப் சார்பில் ஒரு மாலை, உள்ளூர் ஆட்கள் இரண்டு பேராவது கட்டாயம் போக வேண்டும்.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதையும், சான்றிதழ் பிரதிகள் நிறையத் தேவைப்படும் என்பதையும் வீட்டாருக்குச் சொல்லுங்கள். செட்டில் வங்கியிலோ கருவூலத்திலோ வேலை பார்த்தவர் ஒருவராவது இருப்பார். குடும்ப ஓய்வூதியம், நாமினி வேலைகளுக்கு அவரை அந்த வீட்டுக்கு ஒருமுறை அனுப்பி வையுங்கள். எந்த மாலையையும்விட இது பெரிய உதவி.

பதினாறு நாள் கூட்டம் இருக்கும். வீடு காலியாவது மூன்றாம் மாதத்தில். அழைப்பாளரின் ஆறு பேர் பட்டியலில் காலமானவரின் இடத்தை அடித்துவிடாதீர்கள். அந்த இடத்தில் துணைவர் பெயரை எழுதி, மாதப் போனைத் தொடருங்கள், அடுத்த சந்திப்புக்கும் அழைப்பு போகட்டும். முதல் பொங்கல், முதல் திதி இரண்டுக்கும் முந்தின நாள் கட்டாயம் பேசுங்கள்.

நோட்டு அடுத்து யாரிடம்

வருடச் சந்திப்பின் கடைசி அரை மணி நேரத்தை இதற்கு வையுங்கள். எல்லோரும் தங்கள் பக்கத்தைப் பார்த்து, எண், முகவரி, பிள்ளை எண் சரிதானா என்று பென்சிலில் திருத்தட்டும். பிறகு நோட்டை முழுக்கப் படம் எடுத்து நான்கு பொறுப்பாளர்களும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள், குரூப்பில் போடாதீர்கள். நோட்டு யார் வீட்டில், எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவர் வீட்டிலும் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அட்டையின் உள்பக்கத்தில் இன்னொரு பொறுப்பாளரின் பெயரையும் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி, கீழே "இந்த நோட்டை இவரிடம் சேர்த்துவிடவும்" என்று சேர்த்துவிடுங்கள்.